யந்திரத்தின் பெயருக்கு முன்னால்

நம் ஊர்களில் ஜவுளிக்கடை நடத்துகிறவரும், ஆஸ்பத்திரியை நிர்வகிக்கிறவரும், கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசியும் கணினி நிறுவனத்தாரை அழைத்துப் பேசும்போது, தமக்கு நேர்ந்துள்ள கஷ்டம் இன்னதென்று சொல்லித் தொடங்குவது அபூர்வம். ‘ஒரு ஆப் செய்து கொடுங்கள்’, ‘கணக்கையெல்லாம் கிளவுடில் ஏற்றிவிடுங்கள்’, ‘எதிர்க்கடைக்காரர் ஈ.ஆர்.பி. போட்டுவிட்டார், எங்களுக்கும் போடுங்கள்’ என்று யந்திரத்தின் நாமத்தை உச்சரித்தே பேச்சு ஆரம்பமாகிறது. சமீப காலமாக ஏ.ஐ. என்ற இரண்டெழுத்து அந்தப் பட்டியலின் தலைக்கு வந்து மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பிள்ளை பிறக்குமுன் பெயர் சூட்டும் இந்த அவசரத்தை வெறும் மோகமென்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. தன் கிடங்கிலிருந்து மாதந்தோறும் சரக்கு எங்கே மாயமாகிறது என்பது தனக்கே விளங்கவில்லை என்று அந்நியர் ஒருவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், புதிய சாதனம் ஒன்று வேண்டும் என்று கேட்பது கௌரவமாக இருக்கிறது. கேட்கப்படுகிறவருக்கோ, விற்பதற்கு அந்தச் சாதனம்தான் கையில் இருக்கிறது. இரண்டு பேருடைய சௌகரியமும் இப்படி ஓரிடத்தில் சந்தித்துக்கொள்வதால், நடுவில் நிற்கவேண்டிய பிரச்சினை, யாரும் துரத்தாமலே, அறையைவிட்டு வெளியேறிவிடுகிறது.

அதை மறுபடி அழைத்துவந்து உட்காரவைக்கும் கடமை, யந்திரம் செய்துகொடுக்க வந்தவருடையது என்பதும், அந்தக் கடமையை முதலாளியின் அறையில் இருந்துகொண்டு நிறைவேற்ற முடியாது, வேலை நடக்கும் இடத்துக்குப் போயே தீரவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். இது தத்துவ விசாரம் போலத் தோன்றினாலும், வியாபாரக் காரியத்துக்குக் கணிப்பொறி வந்த சரித்திரமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. அன்றாட வியாபாரக் கணக்கை உலகில் முதன்முதலாகக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தவர்கள் பெரிய வங்கிக்காரர்களும் அல்லர், ரயில்வேக்காரர்களும் அல்லர். லண்டனில் தேநீரும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்த ஜே. லயன்ஸ் கம்பெனியார்.

1894இல் பிக்காடில்லி வீதியில் தன் முதல் தேநீர்க்கடையைத் திறந்த அந்தக் கம்பெனி, அரை நூற்றாண்டுக்குள் இருநூறுக்கு மேற்பட்ட கடைகளையும், ‘கார்னர் ஹவுஸ்’ என்ற பிரம்மாண்டமான போஜன மாளிகைகளையும், ஹாமர்ஸ்மித் பகுதியில் காட்பி ஹால் என்னும் தலைமை ஸ்தலத்தையொட்டிப் பெரிய ரொட்டிச் சாலைகளையும் உடையதாக வளர்ந்திருந்தது. ஆனால் அதன் வியாபாரம் முழுவதும் காசுகளாகச் சேருகிற வியாபாரம். ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு ரொட்டித் துண்டிலும் தேறக்கூடிய லாபம் ஒரு பென்னியின் சிறு பகுதியே. அந்தச் சிறு பகுதியை எழுதி, கூட்டி, சரிபார்ப்பதற்குக் குமாஸ்தாக்களுக்குக் கொடுக்கும் சம்பளம் அதையே விழுங்கிவிடக்கூடும் என்ற பயம் நிர்வாகத்தை விட்டு நீங்கியதில்லை. இந்த நிலையில், 1923ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றுத் தேறிய ஜான் சிம்மன்ஸ் என்ற இளைஞரைக் கம்பெனியார் வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். கணக்கெழுத இத்தனை படித்தவர் எதற்கு என்று அன்றைக்கு யாரேனும் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. சிம்மன்ஸோ, கணக்கு சரியாக எழுதப்படுகிறதா என்பதைவிட, அந்தக் கணக்கை எழுதுவது அவசியந்தானா, அதைப் படித்து யார் என்ன முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியில் மனம் செலுத்தினார். 1930களின் தொடக்கத்தில், காரியாலய வேலை முறைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு தனிப் பிரிவு கம்பெனிக்குள் ஏற்பட்டுவிட்டது. கணிப்பொறி என்ற பொருள் உலகில் உதிப்பதற்கு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பிரிவில் இருந்தவர்கள் ஒரு படிவம் எந்த மேஜையில் பிறந்து எந்த மேஜையில் முடிகிறது, நடுவில் எத்தனை பேர் அதை வீணாகத் தொடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

யுத்தம் முடிந்தபின் 1947இல் டி.ஆர். தாம்ஸன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்கள் போன நோக்கம் அங்குள்ள காரியாலயங்களின் முறைகளைக் கண்டுவருவது. பிரின்ஸ்டனில் கணிப்பொறி ஆராய்ச்சியாளர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோதுதான், பீரங்கிக் கணக்குக்காகப் பிறந்த மின்னணு யந்திரம் கடைக் கணக்கையும் போடக்கூடும் என்ற எண்ணம் அவர்களிடத்தில் உருப்பெற்றது. அதைவிட விசேஷம், அத்தகைய யந்திரம் ஒன்று தங்கள் தேசத்திலேயே, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸின் மேற்பார்வையில் உருவாகிக்கொண்டிருக்கிற செய்தியைக் கோல்ட்ஸ்டைன் சொல்லித்தான் அவர்கள் அறிந்தார்கள். திரும்பி வந்ததும் கம்பெனி அந்த முயற்சிக்குச் சில ஆயிரம் பவுன் நன்கொடையும், உதவிக்குத் தன் ஊழியர் ஒருவரையும் கொடுத்தது. எட்ஸாக் எனப்பட்ட அந்தக் கேம்பிரிட்ஜ் யந்திரம் 1949 மே 6ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. அதை மாதிரியாகக் கொண்டு, ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளரின் தலைமையில் லயன்ஸ் தானே கட்டிய யந்திரந்தான் லியோ. 1951 நவம்பரில் அது தன் முதல் வேலையைச் செய்தது.

அந்த முதல் வேலை எது என்பதில்தான் இவர்களுடைய விவேகம் தெரிகிறது. பத்திரிகைக்காரரை அழைத்துக் காட்டத்தக்க ஜாலம் எதையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ரொட்டிச் சாலைகளிலிருந்து கடைகளுக்கும் மற்றப் பிரிவுகளுக்கும் வாரந்தோறும் போகிற பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடும் சாதாரண வேலையையே யந்திரத்திடம் கொடுத்தார்கள். ஊழியரின் வாராந்தரக் கூலிக் கணக்கு அதனினும் கவர்ச்சியானதாயிற்றே, ஒருவருடைய கூலியைப் போடக் குமாஸ்தாவுக்கு எட்டு நிமிஷம் ஆனதை லியோ ஒன்றரை விநாடியில் போட்டுவிடுமே என்றால், அந்தக் கூலிக் கணக்கை யந்திரத்தின் நம்பகம் ருசுவாகும்வரை தொடாமல் 1954 வரை பொறுத்திருந்தார்கள். ரொட்டிக் கணக்கு ஒரு நாள் பிந்தினால் நிர்வாகி முகம் சுளிப்பார். கூலி ஒரு நாள் பிந்தினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியாது. இந்த வித்தியாசத்தை உணர்வதற்கு மின்னணு சாஸ்திரம் வேண்டியதில்லை. ஆயினும் அதை உணராமல் யந்திரம் வாங்கியவர்களின் தொகையே அதிகம்.

யந்திரத்தின் அமைப்பைக்கூட அவர்களுடைய பிரச்சினையே தீர்மானித்தது என்பது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கேம்பிரிட்ஜின் விஞ்ஞானிகளுக்குச் சில எண்களைக் கொடுத்து நெடுநேரம் கணக்கிடச் சொல்வதே வேலை. தேநீர்க்கடைக்காரர்களுக்கோ எண்கள் மலைபோல் குவிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் செய்யவேண்டிய கணக்கு இரண்டு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக முடிந்துவிடும். ஆகையால் லியோவைச் சமைத்தவர்களை வாட்டிய கேள்வி, யந்திரம் எவ்வளவு வேகமாகக் கணக்கிடும் என்பதல்ல, அதற்குள் எண்களை எப்படி விரைவாக ஊட்டுவது, விடையை எப்படி விரைவாக வெளியே எடுப்பது என்பது. அதற்காகக் காந்த நாடாச் சாதனம் ஒன்றை வெளியாரிடம் செய்யச் சொல்லி, அது சரிவர உழைக்காமற்போகவே, அந்த நவீனத்தைத் தயக்கமின்றிக் கைவிட்டு, பழகிய துளையட்டைக்கும் துளைநாடாவுக்கும் திரும்பினார்கள். புதியதைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்புவதில் அவமானம் ஏதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. தேவை இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவனுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி 1954இல் தொடங்கிய தேநீர்க்கடை ஆர்டர் ஏற்பாடு. ஒவ்வொரு கடையையும் நடத்திய நிர்வாகி அம்மாள், மறுநாளைக்கு எந்த ரொட்டி எத்தனை, எந்தக் கேக் எத்தனை என்று தலைமை ஸ்தலத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அத்தனை பண்டங்களுக்கும், அத்தனை கடைகளுக்கும், அன்றாடம். இதை அப்படியே யந்திரத்துக்குள் செலுத்துவதென்றால் ஓர் இரவு போதாது. டேவிட் காமினர் என்பவருடைய தலைமையில் இதை ஆராய்ந்தவர்கள், கடைகளின் நடைமுறையைக் கூர்ந்து நோக்கி ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள்: ஒரு கடையின் இந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஆர்டர், போன வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஆர்டரிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான ஆர்டரை யந்திரத்தில் வைத்துவிட்டு, தலைமை ஸ்தலத்துப் பெண் ஒருத்தி குறித்த வேளையில் தொலைபேசியில் கூப்பிடும்போது, நிர்வாகி அம்மாள் மாறுதல்களை மட்டும் சொன்னால் போதும் என்று வகுத்தார்கள். காதில் கேட்பதைக் கை உடனே அட்டையில் துளையிட்டுவிடும்; நடுவில் காகிதமே இல்லை. விடிவதற்குள் எந்த வண்டியில் எந்தக் கடைக்கு எதை ஏற்றுவது என்ற பட்டியல் அச்சாகி வந்துவிடும். கடை அம்மாளின் கையிலிருந்த நீண்ட படிவம் போயிற்று. அவளுடைய தீர்மானம் அவளிடமே தங்கிற்று. இதில் கணிப்பொறியின் பங்கு பெரிதுதான் என்றாலும், தலைமைப் பங்கு அதனுடையது அன்று. ‘மாறுதலை மட்டும் சொல்’ என்ற யுக்தி கடைகளின் வேலையைக் கவனித்ததிலிருந்து கிடைத்தது. அது கிடைத்தபின் யந்திரம் தன் வேலையைச் செய்தது.

இதே லண்டன் மாநகரில் சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 600 சதுர மைல் பரப்பும் 68 லட்சம் ஜனத்தொகையும் கொண்ட அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவைக்கு அன்றாடம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வரும். அழைப்பு வந்ததும் ஒரு சிப்பந்தி காகிதச் சீட்டில் விவரம் எழுதி, ஓடும் பட்டையில் போடுவார். அது பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதியைக் கவனிப்பவரிடம் போய்ச் சேரும். தம் பகுதியைத் தெருத் தெருவாக அறிந்திருந்த அவர், எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்வார். இந்த முறை மந்தமானது, சீட்டுகள் தவறிப்போகக்கூடியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நிர்வாகத்துக்கும் வண்டி ஊழியர்களுக்கும் இடையே பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த அவநம்பிக்கை, மந்தத்தைவிடப் பெரிய நோய். வண்டி ஊழியர் தமக்குள் அனுசரித்து, எந்த வண்டி எங்கே போவது என்று பேசிக்கொள்ளும் வழக்கத்தை நிர்வாகம் ஒழுங்கீனமாகக் கருதியது. மனிதர் கையில் தீர்மானம் இருப்பதால்தானே இந்த வழக்கம், தீர்மானத்தை யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் வழக்கம் ஒழிந்துவிடும் என்று அது எண்ணியது. ஊழியருடன் செய்துகொள்ளவேண்டிய சமாதானத்தை, அவர்களோடு பேசாமலே, விலைக்கு வாங்கிவிடலாம் என்ற நினைப்பு அது.

விலையும் மலிவாகவே இருந்தது. குறைந்த தொகை கேட்டவருக்கே ஒப்பந்தம் போயிற்று, முடிக்கவேண்டிய தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. 1992 அக்டோபர் 26ஆம் தேதி, மூன்று பகுதிகளாக இருந்த கட்டுப்பாட்டு அறையை ஒன்றாக்கி, காகிதத்தை அகற்றி, பகுதியறிவு பெற்றிருந்தவர்களை அவர்களுடைய பகுதியிலிருந்து பெயர்த்து, முழு நகரத்தையும் யந்திரத்தின் வசம் விட்டார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்பது கணந்தோறும் பிசகில்லாமல் தெரிந்தால்தான் அந்த யந்திரம் சரியாக வேலை செய்யும். வண்டியிலிருப்பவர்கள் பொத்தான்களைச் சொன்ன வரிசையில் அழுத்தவேண்டும், ரேடியோ எங்கும் எட்டவேண்டும், ஒதுக்கிய வண்டியையே எடுத்துப் போகவேண்டும். அவசர வேளையில் மனிதர் அப்படி நடப்பதில்லை. ஒரே விபத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. பக்கத்தில் ஒன்று நிற்கத் தூரத்து வண்டி புறப்பட்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் பெருகிப் பழையவை மேலே ஓடி மறைந்தன. வண்டி வராதவர்கள் திரும்பத் திரும்ப அழைத்ததால் சுமை இன்னும் ஏறிற்று. மறுநாள் பிற்பகலே பாதி வேலையைக் கையால் செய்யத் திரும்பினார்கள். நவம்பர் 4ஆம் தேதி அதிகாலையில் யந்திரம் அடியோடு நின்றபோது, யாரோ ஒரு நிரல் எழுத்தாளர் சில வாரங்களுக்கு முன் மறந்துவிட்ட ஒரு சிறு துணுக்கு நினைவகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவந்தது காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பாடப்புத்தகங்கள் இந்தத் துணுக்கையே பிரமாதப்படுத்துகின்றன. அந்தத் துணுக்கு இல்லாவிட்டாலும் அக்டோபர் 26 அக்டோபர் 26ஆகத்தான் இருந்திருக்கும்.

அதே ஆம்புலன்ஸ் சேவை 1996இல் மறுபடி கணிப்பொறியை ஏற்றபோது நடந்துகொண்ட விதம் வேறு. ஊழியர்களோடு கலந்து, முதற்கட்டமாக அழைப்பின் விவரத்தை யந்திரத்தில் பதிந்து, பழைய சீட்டையே அச்சடித்துக் கொடுக்கச் செய்தார்கள்; வண்டியைத் தீர்மானிப்பவர் முன்போல் மனிதரே. அதிலிருந்து படிப்படியாக மேலே போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வாடிக்கையாளருக்குத் தமக்கு வேண்டியது எதுவென்று எப்போதுதான் தெரிந்திருக்கிறது? வேலை செய்கிறவரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் புதுமை எப்படிப் பிறக்கும்? லயன்ஸின் கடை அம்மாள் யாரும் கணிப்பொறி வேண்டுமென்று கேட்கவில்லையே? கேட்கவில்லைதான். நான் கேட்கச் சொல்லவுமில்லை. என்ன வேண்டும் என்று கேட்டுச் சொன்னதை எழுதிக்கொள்வது குமாஸ்தா வேலை. எதற்காகப் படிவம் நிரப்புகிறாள், நிரப்பும்போது எந்த இடத்தில் பேனா நிற்கிறது, எந்த எண்ணைப் பார்க்காமலே எழுதிவிடுகிறாள் என்று அருகிலிருந்து பார்ப்பது வேறு வேலை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகளில் இருந்துகொண்டு கடல் கடந்த கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் நம் இளைஞர்களுக்கு ‘ரெக்வயர்மென்ட்’ என்ற சொல் அன்றாடப் பிரயோகம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் அது வந்துசேரும். மேலாளர் ‘சைன்-ஆஃப்’ செய்திருப்பார். அந்தக் கையெழுத்துக்குப் பின் எது தவறினாலும் எழுதிக் கொடுத்தவர் மீது பழியில்லை. பழியிலிருந்து தப்பச் சிறந்த சாதனமாகிய இந்த ஆவணத்தில், அந்த வேலையைக் கையால் செய்யும் மனிதரின் குரல் எத்தனை பேர் வாயிலாக மாறி வந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. லயன்ஸுக்கு இந்தத் தூரம் இல்லை. கஷ்டப்பட்டவரும் கருவி செய்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தூரத்திலிருந்து செய்பவர் அந்தக் குறையை நிரப்பச் செலவிட்டே ஆகவேண்டும், அந்தச் செலவுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருப்பதில்லை.

லயன்ஸைத் தெய்வமாக்கிவிடும் உத்தேசமும் எனக்கில்லை. 1954இல் லியோவைப் பிறருக்கும் செய்து விற்க அவர்கள் தனிக் கம்பெனி அமைத்தார்கள். ஃபோர்டு கம்பெனியின் பிரிட்டிஷ் தொழிலாளருக்குக் கூலிக் கணக்கும் போட்டுக்கொடுத்தார்கள். ஆனால் 1963இல் அந்தக் கணிப்பொறித் தொழில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. 1978இல் லயன்ஸே அலைட் புரூவரீஸ் என்ற மதுபானக் கம்பெனியின் வசமாயிற்று. அவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு வைத்திருந்த தேநீர்க்கடைகளை ஜனங்கள் வேறு ருசி தேடிக் கைவிட்டார்கள். காரியாலயத்தின் பிரச்சினையைத் தீர்த்தது, கம்பெனியின் பிரச்சினையைத் தீர்த்ததாகாது. எந்த ஆராய்ச்சிப் பிரிவும் எதிர்காலத்தைப் படிவத்தில் காண முடியாது என்று சொல்லி அவர்களுக்குச் சமாதானம் கூறலாம். நான் அதற்குமேல் போவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சர்க்காரே கணினி ஏற்பாடுகளின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. சர்க்கார் வாங்குவதென்றால் டெண்டர். தமிழ்நாட்டில் அதற்கென 1998இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டு, ஒளிவு மறைவின்றி, குறைந்த விலை கூறியவருக்கு வேலை போகவேண்டும் என்பது நியதியாயிற்று. வேண்டியவருக்கு வேண்டியதைக் கொடுக்கும் துர்வழக்கத்தை அடக்க அந்த நியதி அவசியமே; சிமெண்டும் குழாயும் வாங்குவதில் அது பெரும் பிரயோஜனம். குழாயின் விட்டத்தையும் கனத்தையும் எழுதிவிட்டால் எல்லாரும் அதே குழாயைத்தான் கொண்டுவர முடியும். மென்பொருளிலோ, என்ன வேண்டுமென்று எழுதுவதே வேலையில் பாதி. அந்தப் பாதியைச் செய்து முடிக்காமல் டெண்டர் பத்திரத்தை வெளியிட வேண்டியிருப்பதால், துறையிலுள்ளவர் இன்னொரு துறையின் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுகிறார், அல்லது விற்க வந்தவர் அன்புடன் தயாரித்துக் கொடுத்த விவரக்குறிப்பை ஏற்றுக்கொள்கிறார். யந்திரத்தின் பெயர் அங்கே முதல் பக்கத்திலேயே அச்சாகிவிடுகிறது.

ஆகவே நான் வேண்டுவது இது: எந்தப் பெரிய ஏற்பாட்டுக்கும் முன்னால், பிரச்சினையை அறிவதற்கென்றே சிறிய தொகையில் தனி ஒப்பந்தம் ஒன்று இருக்கட்டும். அதைச் செய்கிறவர்கள் தாலுகா ஆபீஸ் ஜன்னலிலும், ஆஸ்பத்திரியின் சீட்டு வாங்கும் வரிசையிலும், ரேஷன் கடைக் கிடங்கிலும் சில வாரங்கள் இருந்து பார்த்து அறிக்கை தரட்டும். பின்னால் வரும் கட்டுமான டெண்டரில் அவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை இருக்கட்டும். ‘இதற்குக் கணினி வேண்டியதில்லை, படிவத்தில் இரண்டு கேள்விகளை நீக்கினால் போதும்’ என்று எழுதுவதற்கு அவர்களுக்குப் பூரண அதிகாரம் இருக்கட்டும், எழுதினாலும் கூலி குறையாதிருக்கட்டும். காலதாமதமாகும் என்பார்கள். வாங்கியபின் உபயோகமின்றிப் பூட்டிவைத்த காலத்தை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைவிடக் கடினமான தடை தணிக்கையிலிருந்து வரும். கணக்கைச் சோதிக்க வருகிற உத்தியோகஸ்தர், கொடுத்த பணத்துக்கு எத்தனை கணினி வந்தது, எங்கே இருக்கிறது, எண்ணிக் காட்டு என்று கேட்கப் பழகியவர். வாங்காமல் விட்ட யந்திரங்களை அவரிடம் எண்ணிக் காட்டுவது எப்படி என்பதை இந்த யோசனையை ஏற்கும் அதிகாரி முதலில் யோசித்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த அறிக்கையையே இருப்புப் பதிவேட்டில் ஏற்றத்தக்க சொத்தாகக் கருதும்படி நிதித்துறை ஓர் உத்தரவு போட்டால், அவருடைய சிரமம் பெருமளவு குறையும்.